ஒரு நேரத்தில் ஒரு தட்டு

சண்டை போடுவதற்கென்றே அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள் தையல்காரி. பேருந்தில் வரும்போதே வார்த்தைகளை அடுக்கி வைத்துவிட்டாள். ‘என் பொண்ணு என்ன, துணிக்கடைல சுத்தி வச்ச துணியா, கேக்கக் கேக்க வெட்டித் தர?’ இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

பக்கத்தில் மகள் ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்பது வயது. வீட்டில் அவளுக்கு வாண்டு என்று பெயர். கை கால் குச்சி, வயிறு மட்டும் முன்னால் தள்ளி நிற்கும். செல்லுக்குள் சேரும் ஒருவகைக் கொழுப்பைக் கரைத்து வெளியேற்ற ஒரு நொதி வேண்டுமாம். அது இவள் உடம்பில் பிறவியிலேயே இல்லை. “குப்பை அள்ற ஆள் வேலைக்கே வராத வீடு மாதிரி” என்று டாக்டர் சொன்னார். குப்பை கல்லீரலிலும் மண்ணீரலிலும் எலும்பிலும் சேர்ந்துகொண்டே போகிறது. அப்பா பக்கம் ஒரு பாதி, அம்மா பக்கம் ஒரு பாதி என்று வந்த நோய். யாரைக் குற்றம் சொல்வது என்று புருஷனும் பெண்டாட்டியும் ஒரு வருஷம் சண்டை போட்டுவிட்டு, சரிபாதி என்று தெரிந்ததும் ஓய்ந்தார்கள்.

ஒன்றரை வருஷத்துக்கு முன் வாண்டுவின் கையில் பட்டாணி அளவு தோல் எடுத்தார்கள். அதிலிருந்து எந்த உறுப்பாகவும் வளரக்கூடிய செல்களை உண்டாக்கி, அவற்றைக் கல்லீரல் செல்லாக்கி, அதில் மருந்துகளைப் போட்டுப் பார்க்கிறார்கள். போன மாதம் டாக்டரே போன் பண்ணி, “ஒரு மருந்துல குப்பை குறையுது” என்றார். பஸ் ஓட்டிவிட்டு வந்து வாயே திறக்காத அவள் புருஷன் அன்றைக்குக் குளியலறையில் விசிலடித்தான். இந்த வாரம் மறுபடி போன். மறுபடி தோல் வேண்டுமாம். “ஒரு தடவ வெட்டினது போதும், நீயே போய்ச் சொல்லிட்டு வா” என்று அவன் சொல்லிவிட்டான்.

ஆய்வகத்தில் இரண்டு கதவுகளைத் தாண்டி, ஒரு கண்ணாடிச் சுவருக்கு முன்னால் நிற்க வைத்தார்கள். உள்ளே தடித்த மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தாள்.

“அவங்கதான் பால்காரம்மா. செல்லுக்கு தினம் சாப்பாடு மாத்தணும். பால்காரி மாதிரி ஞாயித்துக்கிழமையும் வந்துடுவாங்க” என்று சொல்லிவிட்டுப் போனான் காவலாளி.

பார்க்கக்கூடாது என்றுதான் நினைத்தாள். ஆனால் கண் கையின் மேல் போய்விட்டது. முழங்கை அசையவில்லை. மூன்று விரல்கள் மட்டும் ஒரு மெல்லிய ஊசியைப் பிடித்து, தட்டிலிருந்து எதையோ கிள்ளிக் கிள்ளி நீக்கின. ஒவ்வொரு கிள்ளலுக்கும் முன்னால் மூச்சு நின்றது. இருபது வருஷமாக ஊசியோடு வாழ்கிறவளுக்கு அந்த நின்ற மூச்சு தெரியும். இப்படி ஒரு கையைத் தன் தையற்கூடத்தில் அவள் பார்த்ததே இல்லை. கோபத்தின் நடுவே இது என்ன ரசனை என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

பால்காரம்மா வெளியே வந்து கையுறையைக் கழற்றினாள்.

“உக்காருங்க. திட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். தப்பு என்னோடது.”

அடுக்கி வைத்த வார்த்தைகள் அப்படியே சரிந்தன.

“ரெண்டு பேரோட செல்லு வளர்ற தட்டை ஒரே நேரத்துல மேசைல வச்சு வேலை பார்த்தேன். ஒண்ணு உங்க பொண்ணோடது, இன்னொண்ணு நோயில்லாத ஒருத்தரோடது. எப்பவோ ஒரு சொட்டு மாறியிருக்கு. நல்ல செல்லு வேகமா வளந்து உங்க பொண்ணு செல்லை மூடிடுச்சு. குப்பை குறைஞ்சது மருந்தால இல்லம்மா.”

“எப்படித் தெரிஞ்சுது?”

“மருந்தே போடாத தட்டுலயும் குறைஞ்சிருந்துச்சு. எல்லாரும் சந்தோஷமா இருந்தாங்க. எனக்குத் தூக்கம் வரல. யாரோட செல்லுன்னு பாக்க நானே பரிசோதனைக்கு அனுப்பினேன்.”

“முதல்ல வளத்ததுல கொஞ்சம் உறைய வச்சிருக்கோம்னு டாக்டர் சொன்னாரே?”

“அதுலயும் கலந்திருக்கு. கலக்காதது ஒண்ணுகூட மிச்சமில்ல.”

“நீங்க சொல்லாம இருந்திருந்தா?”

“ரொம்ப நாளைக்கு யாருக்கும் தெரிஞ்சிருக்காது. அந்த மருந்தை நம்பி நீங்க காத்துட்டு இருந்திருப்பீங்க.”

தையல்காரிக்கு மூன்று வருஷத்துக்கு முன் ஒரு கல்யாண ரவிக்கையில் கத்தரி தவறிப் போனது நினைவுக்கு வந்தது. வெட்டு விழுந்த இடத்தில் ஒரு மடிப்பு வைத்து, இஸ்திரி போட்டு அழுத்திக் கொடுத்துவிட்டாள். போட்டவளுக்குத் தெரியவே இல்லை. ஆனாலும் அந்தப் பெண் தெருவில் எதிரே வந்தால் இவள் எதிர்ப்பக்கம் போய்விடுவாள். ஒரு ரவிக்கைக்கே அப்படி. பால்காரம்மாவோ ஒன்றரை வருஷ உழைப்பைத் தானே பிரித்துப் போட்டுவிட்டு, முகத்துக்கு நேரே உட்கார்ந்திருக்கிறாள். குளியலறையில் புருஷன் அடித்த விசில் பொய்யாகிவிட்டது. ஆனாலும் எதிரே இருந்தவளை வெறுக்க முடியவில்லை.

“இனிமே எப்படிப் பண்ணுவீங்க?” என்று கேட்டாள். குரலில் சண்டை இல்லை, தொழில் இருந்தது.

“ஒரு நேரத்துல ஒரு தட்டுதான் மேசைக்கு வரும். அது திரும்பப் பெட்டிக்குள்ள போய், மேசையைத் துடைச்ச பிறகுதான் அடுத்தது. மாசாமாசம் யாரோட செல்லுன்னு பரிசோதனை.”

அதுவரை கண்ணாடிச் சுவரில் மூச்சு விட்டுப் படம் வரைந்துகொண்டிருந்த வாண்டு திரும்பினாள்.

“அப்ப நான் வெளிய வந்தா மத்தவங்கல்லாம் உள்ள இருக்கணுமா?”

“ஆமாடி தங்கம்.”

“யாராச்சும் எட்டிப் பாத்தா?”

“முதுகுலயே போடுவேன்.”

வாண்டு சிரித்தாள். பிறகு கையைத் திருப்பிப் பழைய தழும்பைப் பார்த்தாள்.

“வலிக்கும்ல?”

“மரத்துப்போற ஊசி போடுவாங்க. அந்த ஊசி வலிக்கும்” என்றாள் பால்காரம்மா.

தையல்காரி மகளைப் பார்த்தாள். வலிக்காது என்று சொல்லித்தான் போன முறை கூட்டி வந்திருந்தாள்.

“உன் கை. நீ வேணாம்னா அப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன், வேணும்னாலும் நான் சொல்லிக்கறேன்” என்றாள்.

வாண்டு தழும்பைத் தடவினாள். “இந்தக் கை வேணாம். இதுல ஏற்கெனவே இருக்கு” என்று அடுத்த கையின் சட்டையை மேலே சுருட்டினாள்.

“இன்னிக்கே இல்லடி, டாக்டர் வரணும்” என்று பதறினாள் பால்காரம்மா. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

சுருட்டிய சட்டைக்கையின் ஓரத்தில் தையல் விட்டிருந்தது. தையல்காரி பையைத் திறந்து ஊசியை எடுத்தாள்.