அப்படி ஒன்று இல்லை

காலை பதினொரு மணிக்கு அக்காவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கூடப் பிறந்த அக்கா இல்லை. எதிர் மேசைக்காரி, என்னைவிட எட்டு வயது மூத்தவள். குழுவுக்கு நான் பொறுப்பு என்றாலும் எனக்கு அவள் அக்காதான். ஆபீசில் அவளுக்கு வைத்த பெயர் 'நிதானம்'. ஒரு வரியை மாற்றினால் நான்கு முறை சோதிப்பாள். அவள் முதுகுக்குப் பின்னால் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

அதற்கு முன் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, அவளை நம்பி நிற்கிற வேலை ஏதாவது உண்டா என்று கேட்டார். எதுவுமில்லை சார் என்றேன். யோசிக்காமல் சொல்லவில்லை. உண்டு என்றால், ஏன் அப்படி விட்டுவைத்தாய் என்று அடுத்த கேள்வி என் மேல் பாயும். அதை யோசித்துத்தான் சொன்னேன்.

மதியம் மூன்று மணிக்குள், எங்கள் மென்பொருளை நம்பி நடக்கும் ஒரு ரத்த வங்கியின் கையிருப்புப் பட்டியலைப் புது சர்வருக்கு மாற்ற வேண்டும். பழைய சர்வர் அன்று மட்டும் இரண்டு முறை படுத்துவிட்டது. இரண்டேகாலுக்கு இன்ஸ்டால் கட்டளையைக் கொடுத்தேன். எங்கள் நிரல்கள் இணையத்தில் பூட்டிய ரெப்போக்களில், அதாவது நிரல் கிடங்குகளில், இருக்கின்றன. சர்வர் அங்கே போய் ஒவ்வொரு பேக்கேஜாக எடுத்து வரும். முதல் பேக்கேஜிலேயே நின்றது. சிவப்பில் ஒரே வரி: அப்படி ஒரு ரெப்போ இல்லை.

பெயரைச் சரிபார்த்தேன். நெட்வொர்க் இருந்தது. என் லேப்டாப்பில் அதே ரெப்போ திறந்தது. அப்போதுதான் உறைத்தது. பூட்டிய ரெப்போ, உரிமை இல்லாதவரிடம் 'உனக்கு அனுமதி இல்லை' என்று சொல்லாது. கதவு இருப்பதையே காட்டிக்கொள்ளாமல், அப்படி ஒன்று இல்லை என்றுவிடும். சர்வர் இத்தனை நாளும் அக்காவின் டோக்கனை, அவள் பெயரிலுள்ள சாவியை, காட்டித்தான் உள்ளே போய் வந்திருக்கிறது. பதினொரு மணிக்குக் கம்பெனி ரெப்போக்களிலிருந்து அவள் பெயரை நீக்கியது நான்தான்.

அந்த இடத்தில் என் டோக்கனை வைத்தேன். பேக்கேஜ்கள் மளமளவென்று வந்தன. யாருக்கும் தெரியாமல் முடிந்துவிடும் என்று ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதி எனக்கே பிடிக்கவில்லை.

பதினெட்டாவதில் மறுபடியும் சிவப்பு. ரத்தப் பைகளின் காலாவதித் தேதியைக் கணக்கிடும் பேக்கேஜ் அது. கம்பெனி கணக்கில் இல்லை, அக்காவின் சொந்தக் கணக்கில் இருந்தது. கம்பெனிக்கு மாற்ற என் ஒப்புதல் வேண்டும் என்று மூன்று முறை கேட்டிருந்தாள். அடுத்த வாரம் பார்க்கலாம்க்கா என்று மூன்று முறையும் சொல்லியிருந்தேன்.

என் லேப்டாப்பில் அதன் பழைய பிரதி ஒன்று தங்கியிருந்தது. அதைப் போட்டால் இன்ஸ்டால் முடிந்துவிடும். ஆனால் அதில் ஒரு பிழை உண்டு. காலாவதியை ஒரு நாள் தள்ளிக் காட்டும். நேற்றோடு முடிந்த பையை இன்றும் நல்லது என்று சொல்லும். அக்கா ஒரு வாரம் உட்கார்ந்து கண்டுபிடித்துத் திருத்தியது அதைத்தான். அந்த வாரம்தான் அவளை நாங்கள் அதிகம் கிண்டல் செய்தோம்.

பழைய பிரதியை சர்வரில் ஏற்றினேன். கட்டளையையும் அடித்துவிட்டேன். என்டர் மட்டும் பாக்கி. ஒரே ஒரு நாள்தானே, நாளைக்குச் சரிசெய்துவிடலாமே என்று மனசு அதற்குள் எனக்காக வாதாடத் தொடங்கியிருந்தது. அடித்ததை எழுத்தெழுத்தாக அழித்துவிட்டு போனை எடுத்தேன்.

இன்ஸ்டால் நிற்கிறது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் குறுக்கிட்டாள்.

"தேதி பேக்கேஜா?"

"ஆமாக்கா."

"பழைய காப்பி உன்கிட்ட இருக்குமே. போட்டுட்டியா?"

"போடல."

அவள் மூச்சு விடுவது கேட்டது. பஸ்ஸில் இருப்பதாகவும், சிக்னல் விட்டு விட்டு வருவதாகவும், வீட்டுக்குப் போய்த்தான் அனுமதி தர முடியும் என்றும் சொன்னாள். இருபது நிமிடம் ஆகுமாம்.

"நிதானமாத்தான் தருவேன். எனக்கு வெச்ச பேரு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

"அக்கா, காலையில என்னைக் கூப்பிட்டு உங்களைப் பத்திக் கேட்டாங்க. நான்..."

"தெரியும். அதை என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது?" வைத்துவிட்டாள்.

மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மேனேஜர் வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். ரத்த வங்கியிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்களாம். அஞ்சு நிமிஷ வேலைன்னியேம்மா என்றார். அனுமதி வர வேண்டும், இன்னும் இருபது நிமிடம் என்றேன். யாரிடமிருந்து என்று கேட்டார். சொன்னேன். அவர் என்னையே பார்த்தார்.

"காலையில நீங்க கேட்டப்ப ஒண்ணும் இல்லன்னு சொன்னேன். இருந்துச்சு சார். தெரிஞ்சேதான் சொன்னேன்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வங்கிக்குப் போன் செய்தார். அரை மணி நேரம் தாமதமாகும், அதுவரை பையில் ஒட்டிய தேதியைக் கண்ணால் பார்த்துக் கொடுங்கள் என்றார். பிறகு இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மூன்று இருபதுக்கு அனுமதி வந்தது. கட்டளையை மறுபடி கொடுத்தேன். பதினெட்டாவது வரியில் கொஞ்சம் தயங்கி நின்றது. பிறகு நகர்ந்தது.

மேனேஜர் எழுந்தார். ஐந்து மணிக்கு அறைக்கு வரச் சொன்னார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, அக்காவின் நம்பரைக் கேட்டார்.

ஒவ்வொரு எண்ணாக, அவசரப்படாமல் சொன்னேன்.