முதலில் அதை முடித்துவிட்டு வரவும்

1

தீ எச்சரிக்கை மணி அலறியது. பாடத்திட்டக் குழுவின் பதினான்கு பேரும், அதுவரை எந்தத் தீர்மானத்திலும் காட்டியிராத ஒற்றுமையோடு, ஒரே கதவை நோக்கிப் பாய்ந்தார்கள்.

மன்னிக்கவும், மணி அடிக்கவில்லை. டீ வந்தது, அவ்வளவுதான். ஆனால் வாரப் பத்திரிகைக் கதை ஒன்று டீயோடு தொடங்கினால் நீங்கள் நேராகக் குறுக்கெழுத்துப் பக்கத்துக்குப் போய்விடுவீர்கள். பதினேழு வருஷமாக உங்களோடு குப்பை கொட்டுகிறேன், எனக்குத் தெரியாதா?

கதை எனக்குக் கிடைத்த இடம் என் வீட்டுச் சமையலறை. என் மனைவியின் அக்கா ஒரு பல்கலைக்கழகத்தின் கல்விப் பிரிவில் எழுத்தர். எந்தப் பட்டத்துக்கு என்னென்ன பாடம், எதைப் படிக்க எதை முன்பே முடித்திருக்க வேண்டும் என்று சொல்லும் கையேட்டைத் தட்டச்சு செய்வதும், அதே விதிகளைக் கணினியில் ஏற்றுவதும் அவர் வேலை. அங்கே அவருக்குப் பெயரே கையேட்டு அக்கா. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெங்காயம் நறுக்கிக்கொண்டே இதைச் சொன்னார். அவர் கண்ணில் வந்த நீர் வெங்காயத்தால் மட்டும்தானா என்று— [மலிவு. அச்சுக்குப் போகுமுன் அடித்துவிட வேண்டும்.]

2

பதினொரு வருஷமாகத் தூசு தட்டாத இளங்கலைப் பாடத்திட்டத்தைப் புதுப்பிப்பது என்று பல்கலைக்கழகம் முடிவு செய்தது. புதுப்பித்தல் என்றால், "அறிமுகம்" என்றிருந்த இடத்தில் "அடிப்படைகள்" என்று போடுவது. "அடிப்படைகள்" என்றிருந்த இடத்தில் என்ன போடுவது என்று தனியாக ஒரு கூட்டம் நடந்தது. "அறிமுகம்" என்று முடிவாயிற்று.

இந்தக் குழுவில் எங்கும் எழுதி வைக்காத ஒரு வழக்கம் உண்டு. ஒரு துறைக்காரர் இன்னொரு துறையின் பக்கத்தைப் படிக்க மாட்டார். படித்தால் மூக்கை நுழைக்கிறார் என்று அர்த்தம். நீ என் பக்கத்தைப் பார்க்காதே, நான் உன் பக்கத்தைப் பார்க்க மாட்டேன். தலைவர் "ஆட்சேபம் உண்டா?" என்று கேட்பார். யாரும் படிக்காததால் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது. இதற்குக் கல்விச் சுதந்திரம் என்று பெயர்.

புள்ளியியல் துறைத் தலைவரை மாணவர்கள் சராசரி என்பார்கள். பொருளியல் துறைத் தலைவர் பற்றாக்குறை. மூன்றாம் மாடியில் காற்று வருகிற ஒரே வகுப்பறை யாருக்கு என்ற தகராறில் இருவரும் ஆறு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. இருவர் துறையிலும் ஆளுக்கு ஒரு பாடம் எல்லா மாணவர்களுக்கும் கட்டாயம். ஒன்றும் தெரியாமல் வருகிற பிள்ளைகளுக்கு அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிப்பது இருவருக்குமே எரிச்சல். எனவே சராசரி தன் பக்கத்தில், "புள்ளியியலில் சேருமுன் பொருளியலை முடித்திருக்க வேண்டும்" என்று எழுதினார். அரிச்சுவடி அவர் தலையில் விழட்டும். பற்றாக்குறை தன் பக்கத்தில், "பொருளியலில் சேருமுன் புள்ளியியலை முடித்திருக்க வேண்டும்" என்று எழுதினார். காரணம் அதேதான்.

ஆட்சேபம் உண்டா? இல்லை. மேலே சொன்ன டீ இப்போதுதான் வந்தது.

3

மாணவர்கள் பாடங்களுக்குப் பதிவு செய்யத் தொடங்கிய திங்கட்கிழமை காலை, கல்விப் பிரிவு ஜன்னலுக்கு முதல் ஆளாக வந்து நின்றவள் பல்கலைக்கழக நூலகத்தில் புத்தகம் அடுக்கும் பெண். வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் பட்டம் படிக்கிறாள்.

"அக்கா, கம்ப்யூட்டர் புள்ளியியல் எடுக்க விடமாட்டேங்குது. முதல்ல பொருளியல் முடிச்சுட்டு வரச் சொல்லுது."

"அப்ப பொருளியல் எடு."

"அதை எடுத்தா முதல்ல புள்ளியியல் முடிச்சுட்டு வரச் சொல்லுது."

"நீ எதையாவது தப்பா அமுக்கியிருப்ப."

"அமுக்குறதுக்கு இருக்கிறதே ரெண்டு பட்டன்தான்க்கா."

அக்கா கையேட்டை எடுத்து 47ஆம் பக்கத்தைத் திறந்தார். பிறகு 131ஆம் பக்கம். பிறகு மூடி வைத்தார்.

"உனக்கு இன்னும் எத்தனை பேப்பர் பாக்கி?"

"இந்த ரெண்டே ரெண்டுதான். ஒரு செமஸ்டருக்கு ஒண்ணுன்னு கணக்குப் போட்டு வச்சிருந்தேன். ஏழு வருஷத்துக்குள்ள முடிக்கணும்ல, இது ஏழாவது. இந்த வருஷம் முடியலைன்னா முடிச்ச இருபத்திரெண்டும் செல்லாதாம். வீட்ல அவர் இப்பவே கேக்குறாரு, நீ அங்க படிக்கப் போறியா, இல்ல அந்தக் கட்டடத்தையே நீதான் கட்டுறியான்னு."

"பதிவு என்னைக்கு முடியுது?"

"வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு. நோட்டீஸ் ஒட்டினதே நீங்கதானக்கா."

4

இதுவரை எழுதிப் பத்திரிகை ஆசிரியரிடம் காட்டினேன்.

"கல்லூரிக் கதைன்னீங்க. காதல் எங்க சார்?"

"அதைப் புதுப் பாடத்திட்டத்துல எடுத்துட்டாங்க."

"சரி, இந்த அக்கா ஏன் இவ்வளவு நல்லவங்களா இருக்காங்க? ஆபீஸ் ஜன்னல்னா ஆளைப் பாத்ததும் சாத்தணும் சார். எனக்கே எத்தனை சாத்தியிருக்காங்க. குறையே இல்லாத ஒரு பொம்பளையை எவன் நம்புவான்?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அக்காவுக்கு ஒரு குறை கொடுத்துப் பார்த்தேன்.

அக்கா தலை நிமிராமலே, "எங்களுக்கு மேல இருந்து வந்த உத்தரவு" என்று சொல்லி—

இல்லை. அவர் அப்படிப்பட்டவர் இல்லை.

அக்காவுக்கு அன்று சரியான தலைவலி. ஆகவே—

தலைவலி குறை அல்ல, வியாதி.

விட்டுவிட்டேன். நல்லவராகவே இருந்துவிட்டுப் போகட்டும். கதையில் ஒருவராவது வேலை செய்தால்தானே மற்ற பதினான்கு பேர் செய்யாதது தெரியும்?

5

கையேட்டில் ஒரு கமாவை மாற்றுவதற்கும் குழு கூட வேண்டும். அடுத்த கூட்டம் மூன்று மாதம் கழித்து. அதுவரை மற்ற மாணவர்கள் காத்திருக்கலாம், நூலகப் பெண்ணால் முடியாது. அவசரம் என்றால் சம்பந்தப்பட்ட இரு துறைத் தலைவர்களும் ஒரே தாளில் கையெழுத்திட்டால் போதும். "இரண்டு பாடங்களையும் எந்த வரிசையிலும் படிக்கலாம்" என்று ஒரே வரி அடித்து எடுத்துக்கொண்டு அக்கா மூன்று மாடி ஏறினார்.

சராசரி தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பின்னால் ஒன்றும் இல்லை.

"அந்த விதியை எடுக்கிறதுல எனக்கு ஒண்ணும் இல்லம்மா. முதல்ல அவர் கையெழுத்துப் போடட்டும். நான் முதல்ல போட்டா, நான்தான் கெஞ்சினேன்னு ஊரெல்லாம் சொல்லுவார்."

"சார், அவர் பக்கத்துல என்ன எழுதியிருக்காருன்னு நீங்க பாத்தீங்களா?"

"அடுத்தவர் பக்கத்தை நான் ஏன்மா பாக்கணும்?" உண்மையிலேயே புண்பட்டுப்போனார்.

பற்றாக்குறையின் அறை அங்கிருந்து பதினெட்டுக் காலடிதான்.

"அவர் கையெழுத்து எங்க?"

"நீங்க போட்டதும் போடுறேன்னாரு சார்."

"பாத்தீங்களா, அதுதான் ஆளோட குணம். அவர்கிட்ட வாங்கிட்டு வாங்கம்மா. நான் பேனாவைக்கூட மூடல."

மூடவில்லைதான். மேஜையில் மை கசிந்திருந்தது.

அக்கா துணைப் பதிவாளரிடம் போனார். அவர் பிரச்சினையை முழுதாகக் கேட்டு, மிகவும் வருத்தப்பட்டு, உடனே இதற்கென்று ஒரு துணைக்குழு அமைத்தார். [உறுப்பினர்கள் இருவர். சராசரி, பற்றாக்குறை.]

இப்படியாக வியாழக்கிழமையும் போயிற்று.

6

வெள்ளி மதியம். இங்கே எனக்கு ஒரு முடிவு வேண்டும்.

முடிவு ஒன்று. இரு தலைவர்களும் லிஃப்டில் மாட்டிக்கொள்கிறார்கள். ஆறு வருஷத்துப் பேச்சை ஒரே மணி நேரத்தில் பேசித் தீர்த்து, ஒருவர் முதுகை ஒருவர் மேஜையாக்கிக் கையெழுத்துப் போடுகிறார்கள். ஆசிரியருக்கு இது ரொம்பப் பிடித்தது. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது.

முடிவு இரண்டு. மணி ஐந்தடிக்கிறது. நூலகப் பெண், தான் இனி எழுத முடியாத தேர்வுக்கான புத்தகங்களை ஒவ்வொன்றாக அலமாரியில்— போதும். இந்த மாதிரி மூன்று கதை எழுதி மூன்றுக்கும் வாசகர் கடிதம் வாங்கியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

முடிவு மூன்று. கணினியில் விதிகளை ஏற்றுகிறவர் அக்கா. ஒவ்வொரு விதிக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்குள் ஒரு டிக். புள்ளியியல் பக்கத்து டிக்கை எடுத்தால் விதி தூங்கிவிடும். நூலகப் பெண் பதிவு செய்ததும் திரும்பப் போட்டுவிடலாம். இரண்டு நிமிஷ வேலை. பிடிபட்டால், அனுமதியில்லாமல் விதியைத் திருத்தியதற்காக வேலை போகும். ஓய்வுபெற அக்காவுக்கு இன்னும் பதினொரு மாதம். அவர் டிக்கை எடுக்கிறார், யாரும் கண்டுபிடிக்கவில்லை, நியாயம் ஜெயிக்கிறது.

இதிலுள்ள ஒரே சிக்கல், யாரும் கண்டுபிடிக்கவில்லை என்று லட்சம் பிரதி அச்சிட்டுச் சொன்னால் கண்டுபிடித்துவிடுவார்கள். எனவே எடுத்தாரா இல்லையா என்று நான் சொல்லப்போவதில்லை. என் மனைவிக்கு இருப்பது ஒரே ஒரு அக்கா.

நாலு ஐம்பது வரை நடந்ததைச் சொல்கிறேன். மீதிப் பத்து நிமிஷம் உங்களுடையது.

7

ஜன்னலுக்கு வெளியே நிற்க வேண்டியவளை அக்கா உள்ளே கூப்பிட்டுத் தன் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார். அறையில் மற்றவர்கள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியாயிற்று. திரையில் புள்ளியியல் பக்கம் திறந்திருந்தது. கட்டத்துக்குள் டிக். அம்புக்குறி அதன் மேல் நின்றது.

"வேணாம்க்கா," என்றாள் நூலகப் பெண். "என்னால உங்க வேலைக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் எந்த மூஞ்சியோட இங்க வந்து போவேன்?"

"இது உன்னாலன்னு யார் சொன்னா?"

"பின்ன யாராலயாம்? நாலு நாளா மாடி ஏறி இறங்கி முட்டியைத் தடவிக்கிட்டு உக்காந்திருக்கீங்க. ஆபீஸ்ல வேற யாருக்கா இப்படிச் செய்வாங்க? உங்க மனசு—"

"மனசைப் பத்திப் பேசாத."

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு, சும்மா இருக்க முடியாமல், "நான் மட்டும் திங்கட்கிழமை வந்து நிக்கலைன்னா இப்படி ஒரு தப்பு இருக்கிறதே யாருக்கும் தெரிஞ்சிருக்காதுல்லக்கா?" என்றாள்.

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எனக்கு மார்ச் மாசமே தெரியும். டைப் அடிக்கிறப்பவே பாத்தேன், அவங்கவங்க துறைப் பக்கம், நமக்கென்னன்னு அடிச்சு முடிச்சுட்டேன்."