பரிசலில் எடுத்த படம்

ராசிபுரத்துக்குத் தெற்கே இருக்கும் அந்த ஏரிக்கு ஜெயப்பிரியா மூன்று மார்கழியாக ஞாயிறு தவறாமல் போய்வந்தாள். நாமக்கல் பக்கம் ஒரு கோழித்தீவன ஆலையில் வேலை. ஆறு நாள் மக்காச்சோளத்தில் பூஞ்சை இருக்கிறதா என்று பார்ப்பவள், ஏழாம் நாள் கேமராவை மாட்டிக்கொண்டு கரையில் நடப்பாள். பறவை பார்க்கும் குழுவில் அவளோடு பதினான்கு பேர். தலைவர் குருமூர்த்தி, ஓய்வுபெற்ற பேராசிரியர். வாராவாரம் எல்லாருடைய படத்தையும் வாட்ஸ்அப்பில் போடச் சொல்லிக் கருத்து எழுதுவார். ஜெயப்பிரியாவுக்கு அவர் எழுதியது மூன்று வருஷமும் ஒன்றேதான்: "பறவை தெரிகிறது. படம் தெரியவில்லை." மற்றவர்கள் அதற்கடியில் சிரிக்கிற பொம்மை போடுவார்கள்.

கரையிலிருந்து எடுத்தால் பறவை கடுகளவுதான். அதனால்தான் அவள் செல்லமுத்துவைப் பழக்கம் பிடித்துக்கொண்டாள். ஐம்பத்தைந்து வயது, அந்த ஏரியில் மீன் பிடிக்கிறவர். விடிந்ததும் வலை எடுக்கப் போகையில் பரிசலில் அவளையும் ஏற்றிக்கொள்வார். பணம் நீட்டினால் வாங்க மாட்டார். "தனியாப் போறதுக்குப் பேச்சுத்தொணை ஆச்சுங்க அம்மிணி" என்பார்.

தை பிறப்பதற்கு முந்தின ஞாயிறு. பனி விலகி வெயில் இப்போதுதான் தண்ணீரைத் தொட்டிருந்தது. வலையில் மீனுக்குப் பதிலாக ஓர் ஊசிவால் வாத்து சிக்கித் துடித்தது. நரம்பு வலை, கண்ணாடி இழை மாதிரி, பக்கத்தில் போனால்தான் தெரியும். செல்லமுத்து அதை அப்படியே பரிசலுக்குள் தூக்கினார்.

"எங்கிருந்தோ வந்த சீவனுங்க. வலை போனாப் போவுது, அறுத்து உட்டுரலாம்" என்று இடுப்புக் கத்தியை எடுத்தார். "அம்மிணி, காலைச் சித்தப் புடிச்சுக்குங்க. உதறுதுங்க."

"ஒரு நிமிஷங்க. அப்படியே இருங்க" என்றாள் ஜெயப்பிரியா. கேமரா அதற்குள் கண்ணுக்கு வந்திருந்தது.

அவர் இருந்தார்.

"கழுத்தைத் தூக்கிப் பிடிங்க. வெயில் படட்டும். கத்தியைக் கொஞ்சம் மேலே. என்னைப் பார்க்காதீங்க, பறவையைப் பாருங்க."

சொன்னபடி செய்தார். வாத்து வாயைத் திறந்து திறந்து மூடியது. ஒரு நிமிஷம் மூன்று நிமிஷம் ஆயிற்று. "நோவுதாட்டம் இருக்குதுங்க" என்று அவர் சொன்ன பிறகுதான் கேமராவை இறக்கினாள். அவர் ஒவ்வோர் இழையாக அறுத்து, இறக்கையை நீவி, தண்ணீருக்கு மேலே கையை விரித்தார். வாத்து தாழப் பறந்து போனது. அதையும் எடுத்தாள்.

அன்று மத்தியானம் ஒரே ஒரு படத்தைப் போட்டாள். ஒரு கையில் பறவையின் கழுத்து, இன்னொரு கையில் கத்தி, குனிந்து பார்க்கும் கறுத்த முகம். வலையின் இழை ஒன்றுகூடப் படத்தில் விழவில்லை. "இன்று காலை, ஏரியில்" என்பதற்கு மேல் அவள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. பொய் ஒன்றும் சொல்லவில்லையே என்று பிற்பாடு பலமுறை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

குருமூர்த்தி உடனே எழுதினார்: "இதுதான் படம். கொலைகாரனை இவ்வளவு பக்கத்தில் போய் எடுத்த துணிச்சலுக்கு வணக்கம்." அதைத் திருத்த ஒரு வரி போதும். விரல் வைத்தாள். அதற்குள் பன்னிரண்டு கைதட்டல் வந்துவிட்டது. எழுதாமல் போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.

சாயங்காலத்துக்குள் படம் ஊரெல்லாம் சுற்றியது. யாரோ செல்லமுத்துவின் பெயரும் ஊரும் சேர்த்துப் போட்டார்கள். செவ்வாய்க்கிழமை அவர்மேல் வனத்துறை வழக்கு. படம் இருக்கும்போது வேறு சாட்சி எதற்கு? பதினைந்து நாள் உள்ளே இருந்தார். ஏரியைக் குத்தகைக்கு எடுத்தவர், தன் பெயர் கெடுமென்று அவருடைய பரிசலைக் கரையிலேயே போட்டு உடைத்தார்.

அவர் மனைவி சென்னம்மாள் விலாசம் விசாரித்துக்கொண்டு ஜெயப்பிரியாவின் வீட்டுக்கு வந்தாள். உள்ளே கூப்பிட்டும் வராமல் கேட்டருகிலேயே நின்றாள்.

"நீங்க பரிசல்லதான இருந்தீங்க அம்மிணி. அவரு அறுத்து உட்டதைப் பாத்தீங்கல்ல?"

"நான் படம் எடுக்கிற மும்முரத்துல இருந்தேங்க. அப்புறம் என்ன நடந்துச்சுன்னு கவனிக்கல."

"உங்க கேமராப் பொட்டியில எல்லாம் பதிஞ்சிருக்கும்னு அவரு சொன்னாருங்க. அதை ஒருக்கா அதிகாரிகிட்டக் காட்டுனாப் போதும்னாரு."

"அந்த ஒரு படந்தாங்க எடுத்தேன்."

சென்னம்மாள் அவள் முகத்தையே பார்த்தாள். கோபம்கூட இல்லை; ஒருவர் இப்படியும் இருப்பாரா என்று பார்க்கிற பார்வை. "சரிங்க, வாரேன்" என்று சொல்லி பஸ்ஸுக்கு நடந்தாள்.

கதவைச் சாத்திய ஜெயப்பிரியா கணினியின் முன் உட்கார்ந்தாள். அறுக்கிற படங்கள், நீவுகிற படங்கள், பறந்த படங்கள், மொத்தம் நாற்பத்தொன்று. கடைசிப் படத்தில் வாத்தின் இறக்கைகளுக்கு அடியில் வெயில் புகுந்து ஒவ்வோர் இறகும் தனித்தனியாகத் தெரிந்தது. பின்னால், விரிந்த இரண்டு கைகள். அவள் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். அது அவளுக்கே தெரிந்தது. ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, நாற்பத்தொன்றையும் சேர்த்து அழித்தாள்.

வெளியே வந்த செல்லமுத்துவுக்கு ஊரில் யாரும் வேலை கொடுக்கவில்லை. ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் சத்தீஸ்கருக்குக் குழாய் தூக்கப் போனார். சித்திரையில் அங்கே ஒரு குழாய் சரிந்து வலது கை நசுங்கியது. அந்தச் சேதி ஜெயப்பிரியாவின் காதுக்கும் வந்தது. குழுவில் யாரும் அதைப் பற்றி எழுதவில்லை, அவளும் எழுதவில்லை.

அடுத்த மார்கழியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பறவைப் பாதுகாப்பு பற்றிப் பேச அவளைக் கூப்பிட்டார்கள். குருமூர்த்தியே அழைத்துப்போய் அறிமுகம் செய்தார். அந்தப் படத்தைத் திரை முழுக்கப் போட்டபோது பிள்ளைகள் பேச்சை நிறுத்தினார்கள். முன் வரிசையில் இலக்கியா என்றொரு ஏழாம் வகுப்புப் பெண் எழுந்து நின்றாள்.

"மிஸ், நீங்க இவ்வளவு பக்கத்துல இருந்தீங்களே, அவரை நிறுத்தச் சொல்லலீங்களா?"

"சொன்னேன்மா," என்றாள் ஜெயப்பிரியா. "கேக்கல. சில பேருக்கு இரக்கமே இருக்காது."