இடது கன்னத்தின் மௌனம்

1

இந்தக் கதையைத் தேடி நான் போகவில்லை. வலது கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ளப் போன இடத்தில் பல் மருத்துவர் சொன்னது. என் வாய் திறந்தே இருந்ததால் குறுக்குக் கேள்வி கேட்க முடியவில்லை. ஆகவே இதில் பொய் இருந்தால் அது முழுக்க அவருடையது. (சரி, பாதி என்னுடையது.)

2

பிற்பகல் வெயில் கண்ணாடி ஜன்னலில் பட்டு [வேண்டாம். வெயிலுக்கு இந்தக் கதையில் வேலையில்லை.]

பழம்பெரும் நாவலாசிரியர் ஒருவரைக் கொண்டாடும் சங்கத்துக்கு மருத்துவர்தான் செயலாளர். கிளினிக்கில் அவரைக் கண்டாலே ஜனங்களுக்கு முகம் வெளிறும். சங்கத்தில் மட்டும்தான் "வாங்க, வாங்க" என்று எழுந்து நாற்காலி போடுவார்கள். அந்த நாற்காலி போனால் மனிதருக்கு வேறு போக்கிடமில்லை. இதை மறந்துவிடாதீர்கள்.

நாவலாசிரியரோ கேமராவைக் கண்டால் ஓடி ஒளிந்தவர். ஒரு படம்கூடக் கிடையாது. சங்கம் சிலை வைக்கத் தீர்மானம் போட்டுவிட்டது. சிற்பி முகம் கேட்டு நச்சரித்தார். செயலாளர் கைவசம் இருந்த ஒரே கிழமுகம், பல் பிடுங்குமுன் எடுத்த மாமனாரின் படம். இடது கன்னம் பலூன் மாதிரி வீங்கியிருக்கும். "அபூர்வப் படம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதில் பொய்யில்லை.

3

சிலை வந்தது. சங்கத் தலைவரான ஓய்வுபெற்ற பேராசிரியர் அந்தக் கன்னத்தின் முன் நின்று கண் கலங்கினார். "சொல்லாம விழுங்கின துயரம்யா இது! பாருங்க, எப்படி அதக்கி வெச்சிருக்கார்!"

அதைப் பற்றித் தடிமனாக ஒரு புத்தகமே எழுதினார். அதன் தலைப்பைத்தான் மேலே திருடியிருக்கிறேன்.

4

நூற்றாண்டு விழாவுக்கு முதல் நாள் மாமனார் வந்து இறங்கினார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. யாருக்கும் அடையாளம் தெரியாது என்று மருத்துவருக்குப் போன உயிர் திரும்பியது. [இங்கேயே முடித்திருக்கலாம். என் கை சும்மா இருந்தால்தானே.] விடிந்ததும் பக்கத்துப் பல் வேலையைக் காட்டிவிட்டது. அதே கன்னம், அதே பலூன்.

"மாமா, ஒரே நிமிஷம். எடுத்துடறேன்."

"கிட்ட வராதீங்க மாப்ளே! போன தடவை நல்ல பல்லைப் புடுங்கினவர்தானே நீங்க?"

"அப்ப வீட்லயாவது படுங்க. விழாவுக்கு எதுக்கு?"

"உங்க சங்கத்துல உக்காந்தா தானா தூக்கம் வரும்னு பொண்ணு சொன்னா. தூங்கினா வலி தெரியாதுல்ல?"

5

மண்டபம். மாமனார் கன்னத்தைத் தாங்கியபடி நேராகச் சிலையிடம் போனார். உற்றுப் பார்த்தார்.

"பாவம், இவருக்கும் கடைவாய்தான்" என்றார் உரக்க.

மேடையிலிருந்த தலைவர் திரும்பினார்.

முடிவு அ: தலைவர் மயங்கி விழுகிறார். (மலிவு.)

முடிவு ஆ: தலைவர் ஓடிவந்து மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, இத்தனை வருஷம் எங்க இருந்தீங்க?" என்கிறார். (எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அதனாலேயே சந்தேகம்.)

முடிவு இ: மருத்துவர் தானே உண்மையைச் சொல்ல எழுந்து

6

"அப்புறம்?" என்றேன். வாய் நிறையப் பஞ்சு. "ஆ" என்றுதான் வந்தது.

மருத்துவர் கேமராவை எடுத்தார். "கொஞ்சம் இடது பக்கம் திரும்புங்க. சங்கத்துக்கு ஒரு படம் தேவைப்படுது."

எந்தச் சங்கம்? பழையதா, புதிதாய்ப் போய்ச் சேர்ந்ததா? கேட்க எனக்கு வாயில்லை. உங்களுக்கு இருக்கிறது, அவருக்கு அந்த நாற்காலி மிஞ்சியதா என்று நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். எங்காவது வலது கன்னம் வீங்கிய சிலை கண்ணில் பட்டால் மட்டும், தயவுசெய்து அதில் துயரம் தேடாதீர்கள்.