பதினொன்றே காலுக்கு நின்ற லாரி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என்னைத் தேடி வரவில்லை. நான்தான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துப் பிடித்தேன். எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு லாரி கம்பெனி. ஒன்பது லாரி, ஒரு ஷெட், ஒரு ஆபீஸ் அறை. அந்த அறையின் ஜன்னலும் என் சமையலறை ஜன்னலும் நேருக்கு நேர். இதில் என் தப்பு என்ன இருக்கிறது?

முதல் வரியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

விதிகள் மாறிக்கொண்டே இருக்கும் இவ்வுலகில், ஒரு பெண் (வேண்டாம், ஆண்டுவிழாப் பேச்சு மாதிரி இருக்கிறது.)

லாரிகள் உறுமின. அவள் நெஞ்சமும் (பொய். அன்றைக்கு எந்த லாரியும் உறுமவில்லை.)

ரூல்ஸ் அக்காவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. இது நடந்தது. இதிலேயே ஆரம்பிக்கிறேன்.

2

ரூல்ஸ் அக்கா என்பது டிரைவர்கள் வைத்த பெயர். முதலாளி அவளுக்குச் சித்தப்பா. லாரியில் எந்த விளக்கு எரிய வேண்டும், எந்தப் படிவம் எந்தத் தேதிக்குள் போக வேண்டும் என்பதெல்லாம் அவள் தலையில். ஒரு விதி மனப்பாடம் ஆவதற்குள் அடுத்த சுற்றறிக்கை வந்துவிடும். போன வருடம் வண்டிகளின் முதுகில் சிவப்புப் பட்டை ஒட்டச் சொன்னார்கள், ஒட்டினாள். இந்த வருடம் அதை எடுத்துவிட்டு மஞ்சள் ஒட்டச் சொன்னார்கள். ஒன்பது லாரியிலும் நகத்தால் சுரண்டிச் சுரண்டி உரித்ததை நானே பார்த்தேன்.

இந்த மாதம் வந்தது வேறு. ஐந்து மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி நேரம் வண்டியை நிறுத்தியே ஆக வேண்டும். நிறுத்தியதை டிரைவர் ஓய்வுப் புத்தகத்தில் எழுத வேண்டும். லாரியில் பொருத்திய கருவியும் அதையே சொல்ல வேண்டும். இதற்கெல்லாம் 'பொறுப்பாளர்' என்று ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும்.

"சும்மா ஒரு கையெழுத்துதானேம்மா," என்றார் சித்தப்பா.

"சும்மான்னா நீங்களே போடலாமே?"

"எனக்குக் கை நடுங்கும்மா."

போட்டுவிட்டாள். (சித்தப்பாவின் கை நடுங்கி நான் பார்த்ததே இல்லை. சீட்டுக்கட்டைக் கலைக்கும்போதுகூட.)

3

விதிப்படி எழுத வேண்டியவர் டிரைவர். ஆனால் அந்தக் கம்பெனியின் வழக்கம் வேறு. வண்டியை நிறுத்தியதும் டிரைவர் போன் செய்து "அக்கா, நின்னுட்டேன்" என்பார். அவள் ஆபீஸில் இருந்தபடியே எழுதிவிடுவாள். அவர்கள் எழுதினால் மூன்றா எட்டா என்று கடவுளுக்கே தெரியாது என்பது அவள் கட்சி.

ஒரே ஒருவருடைய போனுக்கு மட்டும் அவள் காத்திருப்பதில்லை. கடிகாரம் அண்ணன். இருபத்திரண்டு வருடமாக ஒரே பாதை, ஒரே பெட்ரோல் பங்க். பதினொன்றே காலுக்கு நிற்பார், பன்னிரண்டுக்குக் கிளம்புவார். அவர் போன் செய்ய மறந்தாலும் அவள் கை தானாக எழுதிவிடும்.

புதன்கிழமையும் எழுதியது. வியாழன் மதியம் கருவியின் அறிக்கை வந்தது: புதன்கிழமை அந்த லாரி ஏழு மணி நேரம் எங்கேயும் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் போக்குவரத்து அதிகாரி சோதனைக்கு வருகிறார். பொய்ப் பதிவு என்றால் எழுதியவர் பாடு அதோடு முடிந்தது. டிரைவர் என்றால் லைசென்ஸ் போகும். பொறுப்பாளர் என்றால் இனி எந்தக் கம்பெனியிலும் இந்த வேலையைத் தொட முடியாது. அவளுக்குத் தெரிந்ததோ இந்த ஒரு வேலைதான்.

4

"அண்ணே, நேத்து பங்க்ல நின்னீங்களா?"

கடிகாரம் அண்ணன் யோசித்தார். புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். முகம் தெளிந்தது.

"இதோ நீயே எழுதியிருக்கியேம்மா. அப்போ நின்னிருப்பேன்."

"நான் எழுதினதைப் பார்த்து நீங்க நிக்கக் கூடாதுண்ணே! நீங்க நின்னாத்தான் நான் எழுதணும்!"

"கத்தாதம்மா. எதிர்வீட்டம்மா ஜன்னல்ல நிக்கிறாங்க."

(நான் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரே பாத்திரத்தை.)

பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. "அட, பங்க் வாசல்ல கயிறு கட்டியிருந்தாங்கம்மா. பெரிய வண்டி நிக்கக் கூடாதாம், புது ரூலாம். கொஞ்சம் தள்ளிப் போனா அங்கயும் போர்டு. அதுக்கு அடுத்த எடத்துலயும் போர்டு. நிறுத்த எடம் தேடித் தேடியே ஊர் வந்துடுச்சு."

"அப்படி ஒரு ரூல் வந்தா எனக்குத் தெரியாம போகுமா?" என்றாள். குரல் பாதியிலேயே உடைந்தது.

5

இந்த இடத்தில்தான், கதாசிரியர் என்ற மரியாதையோடு நான் ஒதுங்கி நிற்க முடியாமல் போகிறது.

திங்கட்கிழமை அவள் பிரிண்டர் மக்கர் செய்தது. என் வீட்டுக்கு வந்து சுற்றறிக்கைகளை அச்செடுத்துக்கொண்டு போனாள். திரையில் எதையும் படிக்க மாட்டாள். தாளில் கோடு போட்டுப் படித்தால்தான் அவளுக்கு விதி தலையில் ஏறும். கடைசித் தாள் மெஷினுக்குள் சிக்கிக்கொண்டது. அவள் போன பிறகு இழுத்தெடுத்தேன். 'கனரக வாகனங்களை நிறுத்தக் கூடாத இடங்கள்.' படித்தேன். கதைக்கு ஆகும் என்று மேஜை இழுப்பறைக்குள் வைத்தேன்.

(இந்தக் கதையின் முதல் வரைவில் அந்தத் தாளைக் காற்று அடித்துக்கொண்டு போனதாக எழுதியிருந்தேன். வாசகருக்குத் தெரியவா போகிறது என்று.)

வியாழன் சாயங்காலம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"எங்க இருந்துச்சுக்கா?"

"மெஷின்ல சிக்கியிருந்துச்சு."

"மூணு நாளாவா?"

நான் அவள் மேஜைமேல் இல்லாத தூசியைத் துடைத்தேன்.

"கதை எழுதுறீங்களாக்கா?" என்றாள். கோபம்கூட இல்லை, அதுதான் தாங்கவில்லை. "எழுதுறதா இருந்தா ஒண்ணு சொல்லுங்க. அவர் ஏன் நிக்கலைன்னு கேட்டா இந்தத் தாளை நீட்டிடுவேன். நிக்காதவரை நின்னதா ஏன் எழுதினேன்னு கேட்டா எதை நீட்டுறது?"

6

எழுதிப் பார்த்த முடிவுகள்:

அதிகாரி அந்தப் பக்கத்தைக் கவனிக்கவில்லை. (அவரைப் பார்த்திருக்கிறேன். விரலை நனைத்து நனைத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டும் ரகம்.)

கருவி பழுது. (ஒரு பொய்க்கு இன்னொரு பொய்யை முட்டுக் கொடுப்பதா?)

காலை ஒன்பதரைக்குப் புதிய சுற்றறிக்கை வந்து எல்லா விதியும் ரத்தாகிறது. (சிரிக்காதீர்கள். இருப்பதில் இதுதான் நம்பும்படியாக இருக்கிறது.)

7

நடந்ததில் நான் எழுத முடிந்தது இதுவரைதான்.

வெள்ளி காலை, ஒரு கட்டு வெள்ளைத்தாள் கொடுக்கும் சாக்கில் நானும் ஆபீஸுக்குள் போய் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். அதிகாரி புத்தகத்தையும் கருவி அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். புதன்கிழமையில் விரல் நின்றது.

"இதை எழுதினது யாரு?"

சித்தப்பா மின்விசிறியைப் பார்த்தார். அவள் பக்கத்தில் கடிகாரம் அண்ணன் நின்றிருந்தார்.

"நான்தான் சார்," என்றார் கடிகாரம் அண்ணன்.

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். அவர் அவள் பக்கமே பார்க்கவில்லை. ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிற மனுஷன்.

"அப்படியா?" அதிகாரி ஒரு வெள்ளைத்தாளை உருவி இருவருக்கும் நடுவில் வைத்தார். மேலே பேனாவையும் வைத்தார். "அதே வரியை இதுல ஒரு தடவை எழுதுங்க, பார்ப்போம்."

கடிகாரம் அண்ணனின் கை நீண்டது.

"சார்," என்றாள் அவள்.

அதற்கு மேல் எழுதியதையெல்லாம் அடித்துவிட்டேன். அவளைப் பேசவிட்டால் அவள் போகிறாள். அவரை எழுதவிட்டால் அவர் போகிறார். பெஞ்சில் இருந்து நான் எழுந்து, "சார், அந்தத் தாள் என்கிட்ட இருந்துச்சு" என்று சொல்லும் ஒரு வரைவும் எழுதிப் பார்த்தேன். 'நான் எழுந்து' வரைக்கும் வந்தது.

ஆகவே பேனா மேஜைமேலேயே கிடக்கிறது. நீங்கள்தான் யார் கையிலாவது எடுத்துக் கொடுக்க வேண்டும். யாரிடம் கொடுத்தீர்கள் என்பதை மட்டும் என்னிடம் சொல்லிவிடாதீர்கள். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும்.