மூன்று நாள் எண்கள்

ஆற்றுத் தண்ணீர்க் குடங்களை வாசலில் இறக்கினார்கள். இறந்துபோன நைனாவைக் குளிப்பாட்ட நான்கு குடம். வெண்மதி அழாமல் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே போனாள், வெளியே வந்தாள், மறுபடி உள்ளே போனாள்.

நைனா இளையபெருமாள் ஊருக்காக ஆற்றில் உப்பு பார்த்தவர். மேல்காட்டுக்காரர்கள் பயிருக்குத் தேவைக்கு மேல் போர்வெல் தண்ணீர் பாய்ச்சினால், மிச்சம் நிலத்து உப்பைக் கரைத்துக்கொண்டு வடிகால் வழியாகச் சங்கராபரணி ஆற்றில் இறங்கும். தினமும் சாயங்காலம் உப்பு அளக்கும் மீட்டரை ஆற்றில் முக்கி, எண்ணை நோட்டில் எழுதுவார். ஆயிரத்தைத் தாண்டினால் சைக்கிளில் மேலே போய், வடிகாலைச் சாத்தவைத்துவிட்டுத்தான் திரும்புவார். அன்றைக்குக் கீழே யாரும் மோட்டார் போடமாட்டார்கள்.

அவர் நோயில் படுத்ததும் அந்த வேலை வெண்மதிக்கு வந்தது. செஞ்சியில் மாலை வகுப்பு முடிந்து பஸ் பிடித்து வந்தால் இருட்டிவிடும். அவர் படுத்திருந்த மூன்று நாளும் ஆற்றுக்குப் போகவில்லை. பஸ்ஸிலேயே யோசித்து எழுதினாள்: தொள்ளாயிரத்துப் பத்து, தொள்ளாயிரம், எண்ணூற்றுத் தொண்ணூறு. நைனா கேட்டபோதும் அதையே சொன்னாள். நேற்று, "கொறையுது" என்று முனகிக் கண்ணை மூடிக்கொண்டார்.

பந்தல்கால் பக்கம், ஆற்றோரம் பயிர்வைக்கும் கலியபெருமாள் யாரிடமோ தன் நாற்றங்காலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அடக்கம் முடிந்த கையோடு ஆற்றுத் தண்ணீர் விடப்போகிறாராம். எண்ணூற்றுச் சொச்சம்தானே என்றார்.

வெண்மதி மீட்டரை எடுத்துவந்து முதல் குடத்தில் முக்கினாள்.

"இன்னாடி பண்ற?" என்றாள் அம்மா மீனம்பாள்.

எண் ஓடி, இரண்டாயிரத்து நூறில் நின்றது. அடுத்த குடத்திலும் அதேதான்.

"மாமா, மோட்டார் போடாதீங்க. நாத்து கருகிடும்."

கலியபெருமாள் திரும்பினார். "நோட்டுல அப்டி இல்லியேம்மா."

"நான் ஆத்துக்கே போவல. மூணு நாளும் மனசுக்கு வந்தத எழுதிட்டேன்."

அவர் தோள்துண்டை எடுத்து உதறி, மறுபடி போட்டுக்கொண்டார்.

"ஒங்க நைனாவுக்குத் தெரியுமா?"

வெண்மதி மீட்டரைத் துப்பட்டாவில் துடைத்தாள். துடைத்ததையே திரும்பத் துடைத்தாள். அம்மா குடத்துக்குக் கை நீட்டினாள்.

பெஞ்சில் நைனாவைச் சாய்த்துப் பிடித்திருந்தார்கள். முதல் சொம்புத் தண்ணீர் தலையில் விழுந்து, நெற்றியில் வழிந்து, உதட்டோரம் சற்றுத் தேங்கி, கீழே இறங்கியது.