பற்பசை அடைத்த சுவர்

வாடகை வீட்டை ஏஜென்ட் சோதனை பார்க்க வரும் நாள். அதனால் அன்று காலை கணவர் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றித் தரையில் சாய்த்துவைத்தார். ஆணியைப் பிடுங்கிவிட்டு, ஹால் சுவரில் இருந்த ஓட்டையில் பற்பசையை விரலால் அடைத்தார்.

"பதினோரு வருஷமா இதே கூத்து. இந்த ஓட்டை என்ன நாம போட்டதா?" என்றாள் மனைவி.

"குடி வரும்போதே இருந்துச்சு. அந்தச் சாவிக்கொத்து நம்புவானா? நம்ம தலையில கட்டி, வீட்டைக் காலி பண்ணுங்கம்பான்."

இடுப்பில் இருபது வீட்டுச் சாவிகள் குலுங்க வருவதால் ஏஜென்டுக்கு அவர் வைத்த பெயர் அது.

"சொந்த வீடா இருந்தா சுவர் பூரா ஆணி அடிக்கலாம்."

"குழாய் ஒழுகினா ராத்திரி பகலா நான்தான் அதைக் கட்டிக்கிட்டு அழணும். இங்க ஒரு போன் போட்டா அவன் ஓடி வரான். மகராசியா இருடி."

விரலில் மிச்சமிருந்த பற்பசையை அவள் மூக்கில் தடவிவிட்டு வேலைக்குக் கிளம்பினார். லிஃப்ட் மெக்கானிக். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் முன்பே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவர், எழவில்லை.

சோதனை தள்ளிப்போயிற்று. வாடகை ஒப்பந்தம் அவர் பெயரில் இருந்தது. அடுத்த மாதம் முடிகிறது. அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சமையலறைக்குப் போவாள், எதற்கு வந்தோம் என்று மறந்து திரும்புவாள். பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் அடுக்குவாள். மறுநாள் வாணலியைத் தேடி எல்லாவற்றையும் பிரிப்பாள்.

அக்கா போனில் பிடித்துக்கொண்டாள். "சின்னதா ஒரு வீட்டை வாங்கிப் போடுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். உன் புருஷன் கேட்டாரா? தனியா நிக்கிறவளுக்கு எவன் வீடு தருவான்? பேசாம இங்க வந்துடு."

"உன் வீட்டுக்காரர் குறட்டைக்கு அப்புறம் நான் எங்க போறது?"

சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. இந்த வீட்டில் அவர் எங்கெங்கே நிற்பார் என்று அவளுக்குத் தெரியும். வேறெந்த வீட்டிலும் அவர் நின்றதே இல்லை.

ஏஜென்ட் வரப்போவதாகச் சொன்ன நாளில் பார்த்தால், பற்பசை காய்ந்து உதிர்ந்து ஓட்டை வாயைப் பிளந்துகொண்டிருந்தது. பற்பசைக் குழாயை எடுத்துவந்தாள். நடுவில் அவர் அமுக்கிய பள்ளம் அப்படியே இருந்தது. அவளால் அமுக்க முடியவில்லை. வாசலில் சாவிகள் குலுங்கின.

ஏஜென்ட் உள்ளே வந்ததும் அவளே முந்திக்கொண்டாள். "அந்த ஓட்டை நாங்க போட்டதில்லைங்க."

"தெரியும்மா." அவர் கையிலிருந்த கோப்பின் முதல் தாளைத் திருப்பிக் காட்டினார். குடிவந்த அன்று எழுதிய பட்டியல். "இதோ, அப்பவே எழுதியிருக்கேன். கீழ சார் கையெழுத்து."

படிக்காமலே போட்ட கையெழுத்து. அவள் பக்கத்திலேயேதான் நின்றிருந்தாள்.

"ஒவ்வொரு தடவையும் சுவர்ல பற்பசை வாசனை வரும். சார் சங்கடப்படுவாரேன்னு கேட்டதில்ல," என்றார் ஏஜென்ட். "ஓனர் கொஞ்சம் யோசிச்சாரும்மா, தனியா இருக்கீங்களேன்னு. தான் போடாத ஓட்டைக்கே பற்பசை வெச்ச குடும்பம், இவங்களை விட்டா யாருக்குத் தருவீங்கன்னு கேட்டேன். சிரிச்சுட்டார். உங்க பேர்லயே எழுதிக்கலாம். நீங்க வேலை பாக்கற மூக்குக்கண்ணாடிக் கடைச் சம்பளச் சீட்டு மட்டும் ஒண்ணு குடுங்க."

உட்காரச் சொன்னதற்கு அவள் உட்காரவில்லை. புதிய பட்டியலை நின்றபடியே, ஒரு வரி விடாமல் படித்தாள். நான்காவது வரி பழைய தாளில் இருந்ததேதான்: ஹால் சுவரில் ஆணி ஓட்டை ஒன்று, முன்பே உள்ளது.